ஏழு சஹனும் இருபத்தேழு பேரும்

மகனே, உனக்கு ஸலாம். நலம் விசாரிக்கும் வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். நான் எழுத உட்கார்ந்தது உன்னிடம் ஓர் அனுமதி கேட்பதற்காக. தந்தை மகனிடம் அனுமதி கேட்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை; இருந்திருந்தால் அதை ஒழுங்காக நிரப்பி அனுப்பியிருப்பேன். பத்தொன்பது நாள்களுக்கு முன், தேனிப் பேருந்து நிலையத்தில், கோட்டயம் வண்டியின் படியில் ஒரு காலை வைத்தபடி நீ திரும்பிப் பார்த்தாய். "அத்தா, வேற என்னமும் செய்யுங்க. ஆயிஷாவுக்குக் கணக்கு மட்டும் சொல்லித் தராதீக" என்று உன் தங்கைக்காகச் சொன்னாய். நான் வாய் திறப்பதற்குள் நடத்துநர் விசிலடித்துவிட்டார். அன்று முதல் அந்த வண்டி எனக்குள் நின்றபாடில்லை. அலுவலகத்தில் கோப்பைத் திறக்கிறேன், மூடுகிறேன். பழனிசெட்டிபட்டி வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். ஆனி மாதக் காற்று வேறு கதவுகளை அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கதவாகப் போய்த் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், இன்னொன்று அடிக்கிறது. உன் அம்மா, "காத்தையும் புடிச்சு முத்திரை குத்திட்டு வாங்களேன், நிம்மதியா இருக்கலாம்" என்கிறாள்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. கடைகளில் எடைக்கற்களைச் சோதிக்கப் போகும்போது, கல்லாவுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திவைத்து, "சாருக்கு ஒண்ணுலருந்து நூறு சொல்லிக் காட்டு" என்கிற தகப்பன்மாரைப் பார்க்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக எடையளவு முத்திரை ஆய்வாளனாக இருக்கும் நான் அந்தப் பிள்ளைகளுக்கு 'சபாஷ்' சொல்லிப் பழகியவன். அவர்களும் இதைப் படிக்கட்டும். ஆனால் முதலில் நீ.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது நான் வகுத்த விதிகளை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. அஸர் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியதும் வாய்ப்பாடு. இரண்டிலிருந்து பதினாறு வரை. ஒரு பிழை வந்தால் மீண்டும் முதலிலிருந்து. அடி கிடையாது, வசவு கிடையாது; அதனால் அது கொடுமை ஆகாது என்று உண்மையாகவே நம்பினேன். விரல் விட்டு எண்ணக் கூடாது என்பது அடுத்த விதி. "விரல் முத்திரை இல்லாத எடைக்கல். அத நம்பக் கூடாது" என்று சொல்லி, உன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் செய்தேன். சில நாள்களில் நீ தலையைக் குனிந்தபடியே சரியான விடைகளைச் சொல்லத் தொடங்கினாய். முன்னேறிவிட்டாய் என்று மகிழ்ந்தேன். பிறகு பார்த்தால், உன் கால் கட்டைவிரலும் அடுத்த விரல்களும் ஒவ்வொன்றாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. அதைக் கண்டுபிடித்ததற்காக நான் பெருமைப்பட்டேன் என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது. உன் பாதங்களின் மேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அன்று எனக்குப் பொருள் விளங்கவில்லை. போன வாரம் உன் அம்மா சொல்லித்தான் மீதியும் தெரிந்தது. "அதுக்கப்புறமும் எண்ணாமயா இருந்தான்? நாக்கால பல்லத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டு நின்னான். ஒங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. கடைகளில் தராசின் அடியில் ஒட்டியிருக்கும் புளியங்கொட்டை அளவு மெழுகைக் கண்டுபிடிப்பவனுக்கு, எதிரில் நின்ற மகனின் வாய்க்குள் நடந்தது தெரியவில்லை.

என் துறையில் ஒரு நடைமுறை உண்டு. எந்த எடைக்கல்லும் துல்லியமாக இருப்பதில்லை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஒரு கிலோ கல் இத்தனை மில்லிகிராம் கூடலாம், இத்தனை குறையலாம் என்று அட்டவணை வகுத்திருக்கிறார்கள். அதற்கு அனுமதிக்கத்தக்க பிழை என்று பெயர். அந்த வரம்புக்குள் இருக்கும் கல்லை நான் நிராகரித்தால் தவறு என்னுடையதாகும். மழையில் நனைந்து, தரையில் உருண்டு, ஆயிரம் கைகள் பட்ட இரும்புக்கு அந்தச் சலுகையை இருபத்தாறு ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. ஏழெட்டு ஐம்பத்தைந்து என்று நீ சொன்னபோது ஒன்றுதான் குறைந்தது. ஐம்பத்தாறுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலிலிருந்து வா என்றேன். அது தவறு. தவறு என் பக்கம். இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் கரையேறினாய், அவ்வளவுதான். பிறகு எண் இல்லாத படிப்பு எது என்று தேடித் தேடிச் சேர்ந்தாய். அதையும் விட்டுவிட்டு உத்தமபாளையத்தில் கல்யாணங்களுக்குச் சமைக்கும் காதர் பண்டாரியிடம் போய் நின்றாய். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் 'கேட்டரிங்' என்று சொன்னேன். 'சமைக்கிறான்' என்று சொல்ல எனக்கு ஈராண்டு பிடித்தது. கணக்குக்குப் பயந்து அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டாய் என்று நினைத்தேன். முந்நூறு பேருக்கு அரிசியும் கறியும் எண்ணெயும் உப்பும் தண்ணீரும், ஒரு தாளையும் பாராமல், ஒன்றுக்கு ஒன்று பொருந்தி வரும்படி நீ போட்டாயே, அது எந்த வாய்ப்பாட்டில் வருகிறது என்று நான் ஒரு முறையும் கேட்டதில்லை.

ஆயிஷா பிறந்தபோது எனக்கு நாற்பத்தைந்து, உனக்குப் பதினெட்டு. தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனால் "பேத்தியா சார்?" என்பார்கள். "மகள்" என்றால், "மாஷா அல்லாஹ்" என்று சொல்லும் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். இரண்டாம் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை, இவளிடம் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவு என்னவென்றால், உன்னிடம் ஆறு வயதில் தொடங்கியதை இவளிடம் ஐந்து வயதிலேயே தொடங்கிவிடுவது! பிந்தித் தொடங்கியதுதான் உன்னிடம் நான் செய்த பிழை என்று கணித்திருந்தேன். மாசி மாதம், நீ உத்தமபாளையத்திலேயே தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, உனக்குத் தெரியாமல் ஆரம்பித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மாவிடமும் சொன்னேன்; ஒளித்துச் செய்கிறேன் என்பதே எனக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நாற்பது நாள்களில் ஒன்று முதல் நூறு வரை ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு நாள் நோன்பு திறக்கும் நேரத்தில், "ஆறு பேரீச்சம்பழம் எடுத்துட்டு வா" என்றேன். ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். "ஆறுன்னா எவ்வளவு?" என்று கேட்டதற்கு, "அஞ்சுக்குப் பெறகு வருமே, அது" என்றாள். நூறு வரை சொல்லத் தெரிந்தவளுக்கு ஆறு எவ்வளவு என்று தெரியவில்லை. அவளுக்கு நான் கொடுத்திருந்தது நூறு பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு உரிய பொருள்கள் எதையும் அவள் கையில் நான் வைக்கவில்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. கவனக்குறைவு என்று எண்ணி, அவள் கைகளையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு வைகாசியில் உன் பெரிய மாமு வீட்டுக் கல்யாணம். அங்கே நடந்தது உனக்குத் தெரியும். எனக்குள் நடந்தது தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் ராமநாதபுரம் பக்கத்தவர்கள். இலை வேண்டாம், எங்கள் வழக்கப்படி சஹன் வையுங்கள் என்று கேட்டுவிட்டார்கள். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதுமை. ஆயிஷா காலையிலிருந்து, சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த உன் கைலியைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். "எத்தன சஹன் போச்சுண்ணே?" என்று நீ கேட்பதும், பரிமாறுகிறவர்கள் உள்ளேயிருந்து எண் சொல்வதும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. முதல் பந்தியில் ஆண்கள் வரிசை உட்கார்ந்ததும், சம்பந்தி வீட்டார் முன்னால் என் மகளின் திறமையைக் காட்ட ஆசைப்பட்டேன். அவளைக் கூப்பிட்டு, "இந்த வரிசையில எத்தன பேரு உக்காந்திருக்காக? எண்ணிச் சொல்லு" என்றேன்.

அவள் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். "ஏழு" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமு, "ஏழு பேருக்கா இம்புட்டுச் சோறு? மச்சான், புள்ளைக்கு நீங்க சொல்லிக் குடுத்த லட்சணமா இது?" என்றார். என் முகம் சுட்டது. "இருபத்தெட்டு பேரு இருக்காக. ஒவ்வொரு தலையாத் தொட்டு எண்ணு. ஒண்ணுலருந்து வா" என்றேன். அவள் எண்ணவில்லை. இரண்டு கைகளையும் மெல்லப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். யாரும் சொல்லாமல், அவளாக. அப்போது நீ சோற்றுக் கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாய். அவள் கைகளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். பதினேழு ஆண்டுகளுக்கு முன், துண்டு போட்ட பாதங்களோடு நின்று நீ பார்த்த அதே பார்வை என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நீ கரண்டியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாய். "ஏழு என்னது ஆயிஷா?"

"சஹன்."

"ஒரு சஹனுக்கு எத்தன பேரு?"

அவள் பின்னாலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, நான்கு விரல்களைக் காட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே வரிசையின் கடைசியைச் சுட்டினாள். "அங்கன மூணு பேருதாண்ணே இருக்காக. ஒரு ஆளு கொறையுது. அத்தாவ உக்காரச் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடைசிச் சஹனில் மூன்று பேர்தான் இருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் நான்காவது இடம் காலியாக இருந்தது. இருபத்தேழு பேர். ஒவ்வொரு தலையாக எண்ணச் சொன்ன நான் ஒரு தலையையும் எண்ணியிருக்கவில்லை. ஏழு தட்டு, தட்டுக்கு நான்கு, ஏழுநான்கு இருபத்தெட்டு என்று வாய்ப்பாட்டை நம்பிச் சொல்லிவிட்டேன். எண்ணத் தெரியாது என்று நான் தீர்ப்பளித்த பிள்ளை, நான்கு நான்காகக் கூட்டம் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் ஒன்று நிறையவில்லை என்பதையும் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் யாரை உட்கார வைக்கலாம் என்பது வரை யோசித்திருக்கிறாள். மாமு கையைத் தட்டி, "போச்சு! முத்திரை ஆபீசருக்கே முத்திரை விழுந்துருச்சுப்பா!" என்று கத்தினார். நானும் சேர்ந்து சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். போய் அந்த நான்காவது இடத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். நீ சமைத்த சோற்றை நான் அன்று சாப்பிடவில்லை. உன் அம்மா பொட்டலம் கட்டி எடுத்து வந்ததையும் தொடவில்லை. மூன்றாம் நாள் நீ வேலைக்கென்று கோட்டயத்துக்கு வண்டி ஏறினாய்.

நீ போன பிறகு நான் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்றே வைத்துக்கொள். பாடத்தை நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஆயிஷா என் முன்னால் எண்களையே சொல்லாதவளாகிவிட்டாள். "எத்தன இட்லி வேணும்?" என்றால், "போதும்ங்கிற வரைக்கும்" என்பாள். "மணி என்ன?" என்றால் அம்மாவைப் பார்ப்பாள். பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அழைத்துப் போனோம். டீச்சர் மேசையில் பென்சில்களைப் பரப்பி, "இதுல எத்தன இருக்கும்மா?" என்று கேட்டார். அவள் பென்சில்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "வீட்டுல எத்தன பேரு?" அதற்கும் என்னையே பார்த்தாள். நான் குறுக்கிட்டு, "நூறு வரைக்கும் சொல்லுவா டீச்சர். ஆயிஷா, சொல்லு" என்றேன். அந்த டீச்சருக்கு உன்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். "சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலயே."

"நீங்க சொல்லாட்டியும் ஒங்க மொகம் சொல்லுதே சார்."

வெளியே சன்னலுக்கு அருகில் நின்றேன். ஒட்டுக்கேட்பது முறையன்று என்று தெரியும்; கேட்டேன். அதே கேள்வியை டீச்சர் மறுபடியும் கேட்டார். என் மகளின் குரல் எனக்குப் பழக்கமில்லாத உற்சாகத்தோடு வந்தது. "எங்க வீட்டுல மூணு தட்டு டீச்சர். அண்ணன் வந்தா நாலு. மாமு வந்தா அஞ்சு, ஆனா மாமு ரெண்டாளு சோறு சாப்பிடுவாக. அப்ப ஆறு ஆளு சோறு ஆக்கணும்." டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னால் சிரிக்க முடியவில்லை. ஆறு எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இல்லாத இடத்தில் தெரிந்திருக்கிறது.

டீச்சர் வெளியே வந்து, "சேத்துக்கிறேன் சார். புள்ளைக்கு எண்ணத் தெரியாம இல்ல. ஒங்க முன்னாடி எண்ணத்தான் பயம்" என்றார். நான் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார். "நீங்க தராசு செக் பண்ற ஆபீசர்தான? தராசுல வைக்கிறதுக்கு முந்தி எதையும் கையில தூக்கிப் பாப்போம்ல, கனமா லேசான்னு? இந்தப் புள்ள இப்ப அந்த எடத்துல இருக்கு. ஒங்க தராச அப்புறமாக் கொண்டாங்க. ஒரு வருசத்துக்கு ஒப்பிக்கச் சொல்லாதீக. அதுவா வந்து கேட்டா மட்டும் பேசுங்க." உன் தடைக்கு மேல் இன்னொரு தடை, ஆனால் இதில் ஒரு சிறு வாசல் திறந்திருந்தது. அவளாக வந்து கேட்டால் பேசலாம். வருவாளா என்பதுதான் கேள்வி. அன்றிலிருந்து எனக்கு வேறு கேள்வி இல்லை.

காத்திருப்பது எனக்கு வராத கலை. அலுவலக வேலையாகத் தேவாரம் சென்றிருந்தபோது, சின்ன வெங்காயம் விற்கும் ஒரு பெண்மணி ஓர் அள்ளு அள்ளித் தட்டில் போட்டு, பார்க்காமலே "முக்காக் கிலோ" என்றார். தராசு ஏறக்குறைய அதையே காட்டியது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அட போங்க சார். இந்தக் கரண்டுத் தராசு வந்து அஞ்சு வருசந்தான் ஆச்சு. கையி வந்து அம்பது வருசமாச்சுல்ல?" என்றார். எனக்கும் வயது ஐம்பதுதான். அலுவலகத்துக்கு வந்ததும் கதவைச் சாத்தி, உதவியாளரை அழைத்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினேன். "ஒவ்வொரு கல்லா வையுங்க. நான் சொல்றேன்." அவர் தயங்கினார், "சார், ஒடம்புக்கு ஒண்ணும் இல்லயே?" என்றும் கேட்டார். ஐந்து கற்களில் நான்கைத் தவறாகச் சொன்னேன். அரைக் கிலோவை ஒரு கிலோ என்றேன். இத்தனை ஆண்டுகளாக எத்தனை ஆயிரம் கற்களைத் தொட்டிருப்பேன். ஒன்றின் கனமும் என் கைக்குத் தெரியாது, அவற்றின் மேல் பொறித்த எண் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும். எண்ணை அறிந்து அளவை அறியாதவனாக ஒருவன் ஓய்வு பெறும் வயதை நெருங்க முடியும் என்பதற்கு நானே சான்று. அதைத்தான் உனக்குக் கொடுக்க அவ்வளவு பாடுபட்டேன்.

பேசக் கூடாது என்றாகிவிட்டதால் கேட்கத் தொடங்கினேன். நாளை உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும்போது பயன்படலாம் என்பதால் கேட்டதில் சிலவற்றை எழுதுகிறேன்; என்னைப்போல் ஐம்பது வயது வரை நீ காத்திருக்க வேண்டாம். கம்பியில் மூன்று காக்கைகள் உட்கார்ந்தால் அவள் எண்ணுவதில்லை. பார்த்தவுடனே "மூணு" என்கிறாள். ஏழெட்டு உட்கார்ந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கிறாள். மாடிப்படி இறங்கும்போது "அஞ்சு, நாலு, மூணு" என்று பின்னோக்கி வருகிறாள். இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு நாள் சப்பாத்தியை இரண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, "ரெண்டு ஆயிருச்சு, ஆனா கூட ஆகல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்டுப் பக்கத்து அறையில் நின்றுவிட்டேன். எண்ணிக்கை கூடினாலும் அளவு கூடாமல் இருக்கலாம் என்று ஒரு சப்பாத்தி அவளுக்குச் சொல்லியிருக்கிறது. நான் ஓடிப்போய், "அதுக்குப் பேருதான் பாதி" என்று சொல்ல எழுந்தேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன். பெயர் நாளைக்கும் கிடைக்கும். பிள்ளை விரலை நீட்டினால் நீட்டட்டும். தப்பாகச் சொன்னால், அந்தத் தப்புக்குள் எதை எண்ணியிருக்கிறது என்று முதலில் கேள். 'ஏழு என்னது?' என்று நீ கேட்டாயே, அந்த ஒரு கேள்வி என் படிப்பு முழுவதிலும் இல்லை. அதை நீ எங்கே கற்றாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னிடம் யாரும் அப்படிக் கேட்காததால்தான் கற்றிருப்பாய்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வரும் வழியில், கம்பத்துப் பன்னீர் திராட்சை ஒரு கிலோ வாங்கி வந்தேன். உன் அம்மா கழுவி ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் செய்தித்தாளை விரித்து, படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆயிஷா வந்து எதிரில் நின்றாள். கிண்ணத்திலிருந்து பழங்களைப் பிய்த்துக் கையை மூடிக்கொண்டு, அந்த முட்டியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"உள்ள எத்தன இருக்கு, சொல்லுங்க."

மகனே, நான் உண்மையில் பயந்தேன். "பாக்காம எப்புடிம்மா சொல்றது?" என்றேன்.

"சும்மா சொல்லுங்கத்தா. பாத்துட்டா அப்புறம் என்ன வெளையாட்டு?"

பார்க்காமல் ஓர் எண்ணை வாயால் சொல்வது என் தொழிலில் குற்றம். அந்தச் சின்ன முட்டியைப் பார்த்தேன். விரல் இடுக்கில் கசிந்த சாற்றையும் பார்த்தேன். "நாலு" என்றேன். அவள் கையைத் திறந்தாள். மூன்று இருந்தன. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தவறாகச் சொன்னவர்களுக்கு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எனக்காகச் சற்று வருந்தி, "பரவால்லத்தா. பக்கத்துல வந்துட்டீக. ஒண்ணுதான் கூட" என்றாள். பிறகு அந்த மூன்றில் ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒன்பது ஆட்டம் ஆடினோம். இரண்டில்தான் சரியாகச் சொன்னேன். ஒரு முறை கையில் எதுவுமே இல்லாமல் மூடிக்கொண்டு வந்து, நான் இரண்டு என்றதும் விரித்துக் காட்டி, கூரை அதிரச் சிரித்தாள். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகையால் என் விண்ணப்பம் இது. நான் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தரவில்லை. உன் தடையை மீறவில்லை. அவள் கேட்கிறாள், நான் தோற்கிறேன். இதுவும் கூடாது என்று நீ சொன்னால் நிறுத்திக்கொள்கிறேன். அப்படிச் சொல்லும் தகுதி உனக்கு உண்டு, உனக்கு மட்டும்தான் உண்டு. கூடும் என்றால் ஒரு வரி எழுது. இப்போது அவள் அறைக்குள் வந்து என் முழங்கையை இடித்துக்கொண்டு நிற்கிறாள். கை மூடியிருக்கிறது. "எழுதுறத நிறுத்திட்டுச் சொல்லுங்கத்தா, நசுங்குது" என்கிறாள். நிறுத்துகிறேன்.

உன் அத்தா